ரெண்டாந் தண்ணி: மதுரைச் சீமையின் கழிநீர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மேலூர் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் காலனியில் போன கோடையில் ஒரு கூட்டம் நடந்தது. படிப்பகத் திண்ணையில் பேனர் கட்டி, மைக் வைத்து, வந்திருந்த சார் ஒருவர் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசினார். குளித்த தண்ணி, ஏனம் கழுவிய தண்ணி, துணி அலசிய தண்ணி எதையும் வீணாக்காமல் செடிக்கு விட வேண்டும். வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி வெட்ட வேண்டும். வருங்காலத் தலைமுறைக்குத் தண்ணியை மிச்சம் வைக்க வேண்டும். நல்லாத்தான் பேசினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பேசி முடித்ததும், எண்பதைத் தாண்டிய என் அப்பத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுச்சு:

"ஏஞ்சாமி, மொதத் தண்ணிய எங்களுக்கு எப்பக் குடுத்தீக, ரெண்டாந் தண்ணிக்குப் பாடஞ் சொல்ல வந்துட்டீக?"

கூட்டம் சிரித்தது. அந்த சாரும் சிரித்தார். ('சாமி' என்கிற சொல்லை அப்பத்தா வாயிலிருந்து எடுக்க நானும் பத்து வருசமாப் பாக்குறேன், முடியல.) எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருத்தர் கழித்த தண்ணீர் எங்கே போகிறது, யார் வாசலில் தேங்குகிறது, யார் கையால் அள்ளப்படுகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆறுக்கும் அணைக்கும் கண்மாய்க்கும் வரலாறு எழுதியவர்கள் அங்கணத்துக்கும் வாறுகாலுக்கும் எழுதவில்லை. எழுதினால் நம்மைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த மட்டில் அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் எங்கள் வீட்டு வரலாறு. அப்பத்தா சொன்னது, அது சொன்ன மாதிரியே:

"ஊர்க்கெணத்துல கயிறு போட நமக்குப் பாத்தியத இல்ல. கெணத்துமேட்டுக்குக் கீழ கொடத்த வச்சுட்டு நிக்கணும். தண்ணி எடுக்க வர்ற பொம்பளைக மனசு வச்சா ஊத்துவாக. அவுக கொடம் நம்ம கொடத்துல பட்டுறக் கூடாதுன்னு ஒசக்க இருந்து ஊத்துவாக. பாதி தரையில போயிரும். தரையில போற தண்ணியவே கண்ணு பாத்துக்கிட்டு நிக்கும், தாயி."

அப்படி வாங்கி வந்த ஒரு குடத்துத் தண்ணி வீட்டுக்குள் எத்தனை வேலை பார்த்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரிசி களைந்த கழனித் தண்ணி குழுதாடிக்குப் போகும். மாட்டுக்கு அதுதான் தீவனம் மாதிரி. சாம்பல் போட்டு ஏனம் விளக்கிய தண்ணி அவரைப் பந்தலுக்கு. பிள்ளைகளை முருங்கை மரத்தடிக் கல்லில் நிற்க வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள். குளித்தது பிள்ளை, குடித்தது மரம். துணி அலசிய கடைசித் தண்ணியில் வாசலுக்குச் சாணி கரைப்பார்கள். மூன்று வேலை பார்க்காமல் ஒரு சொட்டும் மண்ணில் விழுந்ததில்லை.

இதைப் படிக்கிற தோழர்கள் யாரும் இதற்கு 'நம் முன்னோரின் பாரம்பரிய அறிவு' என்று பெயர் வைத்துவிட வேண்டாம். அறிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கிணற்றில் கயிறு போட விடாததால் வந்த அறிவு அது. கொடுக்காமல் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதையே சூழலியல் என்று நம்மிடம் திருப்பித் தருகிறார்கள். அறிவை வைத்துக்கொள்வோம். அதை நமக்குக் கற்றுக்கொடுத்த கொடுமையை மறக்க வேண்டியதில்லை.

3

தமிழ் எம்.ஏ. படித்தபோது பாடத்தில் மதுரை நிறைய வந்தது. பரிபாடலில் வையை பற்றிய பாட்டு ஒன்றில், நகரத்துத் தண்ணீர் 'சுருங்கை' வழியாக வெளியே பாய்வதை, யானை துதிக்கையைத் தூக்கி நீரை விடுவதற்கு ஒப்பிட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்திலும் மதுரைக்குள் நுழைகிற இடத்தில் சுருங்கை வருகிறது. மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வஞ்சி நகரத்து அகழியைச் சொல்லும்போது, வீட்டுப் பெண்கள் கூந்தல் கழுவிய வாசனை நீரும், இளைஞரும் மகளிரும் குளித்துச் சந்தனம் கரைந்த நீரும் தூம்பு வழியாக வந்து அகழியில் கலப்பதை அந்தக் காப்பியம் வரிசையாக அடுக்குகிறது. வீட்டுக் கழிநீரைப் பற்றி இவ்வளவு விரிவான பழம்பாட்டு வேறு எங்கே இருக்கிறதோ தெரியாது. இதெல்லாம் கற்பனை மட்டுமல்ல. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் உறைகிணறுகளும், செங்கல் வாய்க்கால்களும், ஒன்றுக்குள் ஒன்று பொருத்திய சுடுமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன.

வகுப்பில் இதையெல்லாம் பெருமையாகப் படித்தோம். நகரமைப்பு, சுகாதாரம், தமிழர் நாகரிகம் என்று குறிப்பு எடுத்துக்கொண்டோம். சுருங்கை அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. சந்தனம் மணந்ததைப் பாடியவர்களுக்கு, அந்தத் தூம்பில் சேர்ந்த கசடை வாரிய கை கண்ணில் படவில்லை.

'அங்கணம்' என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஏனம் கழுவுகிற இடத்துக்கு இன்றும் அதுதான் பெயர். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் இந்தச் சொல் வருகிறது: தம் இனத்தார் அல்லாதவர் முன்னால் பேசுவது அங்கணத்தில் சிந்திய அமிழ்தம் போல வீண் என்பது கருத்து. தூய்மையில்லாத முற்றம் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. எங்கள் அப்பத்தா வீட்டு அங்கணத்தில் சிந்தியது எதுவும் வீணாய்ப் போனதில்லை. அதன் வாயில் ஒரு வாழை நின்றது. தார் போட்டது. அதை விற்றுத்தான் என் அப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்தார்கள்.

4

இனி 1924ஆம் வருசத்துக்கு வருவோம். அந்த வருசத்தில் நடந்த இரண்டு சங்கதிகளை நான் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, சென்னைச் சட்டமன்றத்தில். 1924 ஆகஸ்ட் 22இல் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்தப் பொதுத் தெருவிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது இடம் எதையும் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25இல் அரசாணையும் வந்தது. மகாராட்டிரத்தில் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தது அதற்கு மூன்று வருசம் கழித்து, 1927 மார்ச் 20இல். அவர் தொட்ட குளத்துக்குப் பசுஞ்சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டு, மதுரை நகரத்தில். அதே 1924இல்தான் மதுரையின் பழைய நகரப் பகுதிக்கு முதன்முதலாகப் பாதாளச் சாக்கடை வந்தது. நகரத்துக் கழிநீரைத் தெற்கே அவனியாபுரத்துக்குக் கொண்டுபோய், அங்கே கழிநீர்ப் பண்ணை வைத்துத் தீவனப் புல் வளர்த்தார்கள். கழிநீரை மறுபடி பயன்படுத்துவது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை நூறு வருசமாக இதைச் செய்து வந்திருக்கிறது.

இந்தப் பண்ணையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் எல்லா வீட்டுக் கழிநீரும் ஒரே குழாயில் கலக்கிறது. குழாய்க்குள் சாதி கிடையாது. அது அவனியாபுரம் போகிறது, நிலத்தில் பாய்கிறது, கினியாப் புல் தளதளவென்று வளர்கிறது. புல்லை மாடு தின்கிறது. மாடு பால் கறக்கிறது. அந்தப் பால் மறுபடி ஊருக்குள் வந்து காப்பியாகிறது, தயிராகிறது, சாமிக்கு அபிசேகமாகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் தீட்டு ஒட்டவில்லை. தண்ணியில் ஒட்டவில்லை, புல்லில் ஒட்டவில்லை, மாட்டில் ஒட்டவில்லை, பாலில் ஒட்டவில்லை. குழாய் அடைத்தபோது இறங்கியவன் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவன் பிள்ளை மேலும் ஒட்டிக்கொண்டது. தீட்டு என்பது அழுக்கைப் பற்றிய விசயமே இல்லை என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் எனக்குத் தேவையில்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் ஆட்கள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவனியாபுரத்துப் புல் தின்ற மாட்டின் பாலுக்கு அந்தத் தடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அன்று வைத்தியநாத அய்யரோடு உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூர் தும்பைப்பட்டிக் கக்கன். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தவரும் அவர்தான். அதற்கு முன் 1895இல் பெரியாறு அணை வந்து எங்கள் மேலூர்ப் பக்கம் கால்வாய்ப் பாசனம் பெற்றது. கண்மாய்தோறும் மடை திறந்து, வரப்பு வரப்பாகத் தண்ணி பிரித்துவிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம்மவர்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர்கள் விரல்நுனியில் இருந்தது. வயல் அவர்களுடையதாக இல்லை. குடிக்கிற தண்ணிக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் கிணற்றுமேட்டுக்குக் கீழே நின்றார்கள்.

பிறகு நகரம் பெருத்தது. நாகமலைப் பக்கம் பிறந்து, மதுரைக்குள் ஓடி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பாய்ந்த கிருதுமால் நதி நகரத்தின் சாக்கடையானது. பண்ணையால் தாங்க முடியாத அளவு கழிநீர் வந்தது. ஜவகர்லால் நேரு பெயரில் 2005இல் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தில் அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டரும், சக்கிமங்கலத்தில் 4.57 கோடி லிட்டரும் சுத்திகரிக்க நிலையங்கள் கட்டினார்கள். இதற்கிடையே 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க ஒரு அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரை சேர்த்ததும் நாடறிந்த கதை. மேலே இருக்கிறவர்களின் தண்ணீர்ச் சிக்கனம் அந்த மட்டில் இருக்கிறது.

5

கிராமத்துக்குத் திரும்புவோம். சேரி எங்கே இருக்கும்? எந்த ஊரில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். அது இயற்கை. மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை.

எங்கள் ஊர் மேலத்தெரு வாறுகால் காலனி முகப்பில் வந்து முடிகிறது. அதற்கப்புறம் வாறுகால் கிடையாது, கட்டவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சீருடைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைத் தாண்டுவேன். மேலத்தெருக்காரர்கள் கழுவிய சோறும் சவுக்காரமும் எங்கள் வாசலில் புளித்து நாறும். அதைக் காட்டியே வகுப்பில், "ஒங்க தெருவே நாறும்டி" என்பார்கள். யார் வீட்டு நாற்றம் அது என்று திருப்பிக் கேட்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

1994ஆம் வருசத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, வாறுகால் கட்டுவதும் கழிநீரை அப்புறப்படுத்துவதும் ஊராட்சியின் கடமை என்று சொல்கிறது. கடமை சரி, அதற்குத் தீர்மானம் போடுகிற நாற்காலியில் யார் உட்காருவது? அந்த நாற்காலியில் நாம் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். குடிதண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, வாறுகால் இவைதான் ஊராட்சியின் கையில் இருக்கிற அதிகாரம். இந்தச் சின்ன அதிகாரத்துக்கு ஆறு உயிர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததைப் பார்த்தபோது, தண்ணீர் வழியாக நம்மிடம் பேசுகிற பழைய பாசை இன்னும் மறக்கப்படவில்லை என்று புரிந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் ஊருக்கு உறிஞ்சுகுழித் திட்டம் வந்தது. மேலத்தெருக் கழிநீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுக்குழி. அதற்கு அவர்கள் காட்டிய இடம் காலனிப் படிப்பகத்துக்கு எதிரே இருக்கிற புறம்போக்கு. "அங்கிட்டுதான பள்ளமா இருக்கு" என்றார்கள். கிராம சபையில் எழுந்து நின்று சொன்னோம்: அவரவர் தெருத் தண்ணி அவரவர் தெருவிலேயே முடியட்டும். எங்கள் தண்ணியை உங்கள் வாசலுக்கு நாங்கள் அனுப்பவில்லையே. பெரிய சத்தமாகிவிட்டது. மனு மேல் மனு போட்டோம். கடைசியில் பொதுக்குழி எங்கள் இடத்தில் வெட்டப்படவில்லை. மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு வெட்ட ஒத்துக்கொண்டார்கள்.

வெற்றி என்றுதான் நினைத்தோம். குழி வெட்ட நூறுநாள் வேலையில் எங்கள் ஆட்களே போனார்கள். கூலி வேலை, அதில் தவறில்லை. ஆறு மாசத்தில் ரெண்டு மூணு வீட்டுக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் சோறும் அடைத்துக்கொண்டது. உடனே காலனிக்கு ஆள் வந்தது: "யாராச்சும் வந்து அள்ளிப் போட்டுட்டுப் போங்கப்பா." எங்கள் தெருப் பையன்கள் போகவில்லை. "ஒங்க வீட்டு எச்சித்தண்ணிதான, நீங்களே அள்ளுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு வீட்டில் அந்த வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளியதை ஊரே வேடிக்கை பார்த்தது. அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. குளித்துவிட்டுச் சாப்பிட்டார். மற்ற வீடுகளில் இன்னும் வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள். வருகிறவர்களும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் இந்த வேலையைத் தலைமுறையாகச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். எங்கள் காலனியிலேயே "நாங்க அந்த வேல பாக்குற ஆளுக இல்ல" என்று பெருமையாகச் சொன்ன பெரியவர்கள் உண்டு. நம் துணியை வெளுத்த புதிரை வண்ணாரை நாம் எங்கே நிற்க வைத்தோம் என்பதும் நமக்குத் தெரியும். பள்ளத்துக்குள்ளும் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறோம். அதைத் தூர்க்காமல் மேட்டைப் பார்த்துப் பேச நமக்கு வாய் கூசும்.

6

என் முடிவு இதுதான். வீட்டுக் கழிநீரை வீட்டு எல்லைக்குள்ளேயே முடிப்பதைத் தண்ணீர்ச் சிக்கனமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தன் அழுக்கைத் தானே பார்ப்பது, தன் கையால் அள்ளுவது, அடுத்தவர் வாசலுக்கு அனுப்பாமல் இருப்பது இவை சாதியின் அடிவேரில் கை வைக்கிற காரியங்கள். ஆகவே இதை நாமும் செய்ய வேண்டும், அவர்களையும் செய்ய வைக்க வேண்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. கக்கூஸ் தண்ணியைச் சேர்க்காமல் குளியல், துணி, அடுப்படித் தண்ணியை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும். அடுப்படித் தண்ணியில் எண்ணெயும் சோறும் வருவதால் வாயில் ஒரு சின்னத் தொட்டி வைத்து மிதப்பதையும் படிவதையும் வாரத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும். பிறகு சல்லி, மணல் போட்ட பாத்தியில் விட்டு, கல்வாழை, சேம்பு, வாழை வைத்தால் அவற்றின் வேரும் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். சென்னையில் இந்துகாந்த் ரகடே என்பவர் குளித்த, துவைத்த தண்ணியைக் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணுக்குள் அனுப்பலாம் என்று பல வருசம் சொல்லி வந்தார். தண்ணியை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும், கொசு வரும். பச்சையாகத் தின்கிற கீரை, வெங்காயத்துக்கு விடக் கூடாது. வாழை, தென்னை, முருங்கைக்கு விடலாம். சாம்பலில் விளக்கிய காலத்தில் மண் கெடவில்லை. இன்றைய சோப்புத்தூளில் இருக்கிற சோடிய உப்பு மண்ணை இறுக்கிவிடும்; அதனால் இடையிடையே நல்ல தண்ணியோ மழையோ பட வேண்டும். எங்கள் பக்கத்துச் செவல் மண்ணில் உறிஞ்சுகுழி நன்றாக உறிஞ்சும். கரிசலில் அது சரிப்படாது, பாத்திதான் வழி.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவு. கிராமத்தில், 2019இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டப்படி 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு நகரத்தில் 675, எங்களுக்கு 275. எங்கள் காலனிக் குழாயில் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் வருவதை வைத்துப் பார்த்தால் அந்த 275உம் ஏட்டில்தான் இருக்கிறது. சிக்கனம் பற்றிய கூட்டத்தை முதலில் எந்த ஊரில், எந்தத் தெருவில் போட வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

நகரத்து அடுக்குமாடிகளில் இப்போது கழிநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டி, அந்தத் தண்ணியைத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் அந்தத் தொட்டியில் இறங்குவது யார்? கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் 1993இலும் மறுபடி 2013இலும் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை கூடியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை (2017) பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனிதன் இறங்கியாக வேண்டிய எந்தத் தொட்டிக்கும் சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

கூட்டத்துக்கு வந்த அந்த சாரிடம் கடைசியாக நான் ஒன்று கேட்டேன். "இதே கூட்டத்த மேலத்தெருவுல எப்ப சார் போடுவீங்க?" தேதி சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. நாங்களே ஒரு நாள் மைக் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். அப்பத்தாவும் வருதாம். பேச்சாளர் வரிசையில் அதன் பெயரை முதலில் எழுதியிருக்கிறோம்.